சுகர் என்று தெரிந்துவிட்டது; எந்த வகைச் சுகர்?

ரத்தப் பரிசோதனைச் சீட்டு சர்க்கரையின் அளவைச் சொல்லும். அந்தச் சர்க்கரை ஏன் ஏறியது என்று சொல்லாது.

வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 200-ஓ அதற்கு மேலோ இருந்தாலும், எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி 6.5 சதவீதத்தைத் தொட்டாலும் அப்படியே. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இவற்றில் இரண்டு முடிவுகளாவது ஒத்துப்போக வேண்டும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக் குறைவு என்று வருபவருக்கு எந்த நேரத்தில் எடுத்த அளவும் 200-ஐத் தொட்டாலே போதும். வீட்டில் விரல் குத்திப் பார்க்கும் கருவி கண்காணிக்கத்தான் பயன்படும். நோய் இருக்கிறது என்று உறுதிசெய்ய ஆய்வகத்தில் நரம்பிலிருந்து எடுத்த ரத்தம் தேவை.

காய்ச்சல் என்று போனால் எந்த டாக்டரும் அந்தப் பெயரோடு நிறுத்துவதில்லை. டைபாய்டா, சிறுநீர்த் தொற்றா, வெறும் சளிக்காய்ச்சலா என்று பார்த்துத்தான் மருந்து எழுதுவார். சர்க்கரை நோயும் அதே மாதிரிப் பொதுப்பெயர்தான். உதகையிலோ குன்னூரிலோ கூடலூரிலோ அந்தச் சீட்டோடு வெளியே வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது டைப் 2. அதனாலேயே மருந்தும் டைப் 2-க்கு உரியதாகப் பழக்கத்தில் எழுதப்பட்டுவிடும். பெரும்பாலும் அது சரியாகவே அமையும். சரியாக அமையாத சிலருக்கு உயிரே போகலாம். வேறு சிலர் தேவையே இல்லாத ஊசியை ஆயுள் முழுக்கப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தக் கட்டுரை அந்தச் சிலருக்காக எழுதப்படுகிறது.

ஃபேக்டரி வாசலில் தேங்கும் இலை

மலையில் இருப்பவர்களுக்குத் தேயிலை ஃபேக்டரியை வைத்துச் சொன்னால் எளிதில் பிடிபடும். பறித்த பச்சை இலை லாரியில் வந்து சேர்கிறது. அதை இறக்கி உள்ளே கொண்டுபோக ஆள் வேண்டும். சாலைதான் ரத்தம், பச்சை இலை சர்க்கரை, ஃபேக்டரி நம் உடலின் செல்கள், இலை இறக்கும் ஆட்கள் இன்சுலின். அந்த ஆட்களை அனுப்பிவைப்பது வயிற்றுக்குள் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம்.

டைப் 1-இல் ஆட்களே இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைப் பகை என்று நினைத்து அழித்துவிடுகிறது. சாலை முழுக்க இலை தேங்கிக் கிடக்க, உள்ளே அடுப்பு பட்டினி கிடக்கும். வேறு வழியில்லாமல் உடல் தன் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் வரும் புகைதான் கீட்டோன் என்ற அமிலம். அது ரத்தத்தில் சேர்ந்துவிட்டால் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் உயிருக்கு ஆபத்து. இங்கே இன்சுலின்தான் மருந்து. மாத்திரையால் இல்லாத ஆட்களை வரவழைக்க முடியாது.

டைப் 2-இல் ஆட்கள் இருக்கிறார்கள், கதவுதான் இறுகிப்போயிருக்கிறது. தொடக்கத்தில் கணையம் வழக்கத்தைவிட அதிக ஆட்களை அனுப்பிச் சமாளிக்கும். வருடங்கள் போகப்போகக் களைத்து ஆட்கள் குறைவார்கள். கதவை இளக்கும் மருந்துகள், எடைக் குறைப்பு, உடலுழைப்பு எல்லாம் வேலை செய்வது இதனால்தான். பல வருடம் கழித்து இவர்களில் பலருக்கு இன்சுலினும் தேவைப்படும். ஊசி போடுவதாலேயே ஒருவருடைய வகை டைப் 1 ஆகிவிடாது.

மூன்றாவது, ஆட்கள் தங்கும் லயமே இடிந்துபோவது. கணையமே சிதைந்து சர்க்கரை வருவதை இப்படிச் சொல்லலாம். பல வருடக் குடி, அறுவை சிகிச்சை, கணையத்துக்குள் கால்சியக் கல் சேர்வது ஆகியவை காரணங்கள். இந்தக் கல் நோய் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல காலமாகத் தெரிந்த ஒன்று. மெலிந்த இளம் வயதுக்காரர், சின்ன வயதிலிருந்தே முதுகுக்குப் பரவும் வயிற்று வலி, தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் பசையான மலம், பிறகு சர்க்கரை என்ற வரிசையில் அது வரும். சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே பல நேரம் கல் தெரிந்துவிடும். இவர்களுக்கு இன்சுலினோடு, உணவைச் செரிக்கும் கணைய நொதி மாத்திரையையும் சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பு தேறும்.

நான்காவது வகைக்கு மோடி (MODY) என்று பெயர். ஒரே ஒரு மரபணுக் கோளாறால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும். ஆட்கள் இருக்கிறார்கள், இலை வந்ததும் அடிக்க வேண்டிய மணிதான் சரியாக அடிப்பதில்லை. எச்என்எஃப்1ஏ என்ற மரபணுவில் கோளாறு இருந்தால், மணியை அடித்துவிடும் கிளிக்ளசைடு போன்ற மாத்திரை மிகக் குறைந்த அளவிலேயே நன்றாக வேலை செய்யும். டைப் 1 என்று நினைத்து ஊசி போட்டுவந்தவர்கள், மரபணுப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டரின் மேற்பார்வையில் மாத்திரைக்கு மாறுவது உண்டு. குளுக்கோகைனேஸ் மரபணுவில் கோளாறு இருப்பவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கும் 145-க்கும் இடையில் ஆயுள் முழுக்க அசையாமல் நிற்கும். கர்ப்ப காலத்தைத் தவிர அவருக்குப் பொதுவாக மருந்தே தேவையில்லை.

2025 ஏப்ரலில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இன்னொரு வகைக்கும் தனிப்பெயர் கொடுத்தது. சிறுவயதில் நீண்ட காலம் ஊட்டச்சத்துக் குறைந்து, கணையம் முழு வளர்ச்சி அடையாததால் வரும் டைப் 5 அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வுகள் இதற்கு முக்கிய அடிப்படை. முப்பது வயதுக்குள் வரும், உடல் மிகவும் மெலிந்திருக்கும், சர்க்கரை எகிறியிருந்தாலும் கீட்டோன் எளிதில் வராது. பழங்குடி ஊர்களிலும் ஏழ்மை மிகுந்த எஸ்டேட் லயங்களிலும் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். டைப் 1 என்று எண்ணி முழு அளவு இன்சுலின் கொடுத்தால், போதிய சாப்பாடு இல்லாத உடம்பில் சர்க்கரை அபாயமாகக் கீழே இறங்கிவிடும்.

யாருக்குச் சந்தேகம் வர வேண்டும்

வயதை மட்டும் வைத்து முடிவு செய்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. டைப் 1 குழந்தைகளுக்குத்தான் வரும் என்று நினைப்பவர்கள் அதிகம். நாற்பதிலும் ஐம்பதிலும்கூட அது வரும். பெரியவர்களுக்கு மெதுவாக வரும் வடிவமும் உண்டு. முதல் சில மாதம், சில வருடம்கூட மாத்திரையில் ஓடும், பிறகு ஒன்றும் கேட்காது. “வாயைக் கட்டலை, அதான் ஏறுது” என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் அந்த மனிதர் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார். தவறு அவருடையதல்ல, வகையைத் தவறாகக் கணித்திருக்கிறார்கள்.

உடல்வாகு அடுத்த தடயம். இந்தியர்களுக்கு உடல் நிறை எண் 23-ஐத் தாண்டினால் அதிக எடை. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 59 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டுவதும், கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருப்பதும் டைப் 2 பக்கம் கை காட்டும். ஆனால் ஏற்ற இறக்கத்தில் நாள் முழுக்க நடந்து ஒல்லியாக இருப்பவருக்கும் டைப் 2 வரும். ஒல்லி என்பதால் மட்டும் டைப் 1 என்று சொல்லிவிட முடியாது.

எந்த வயதாக இருந்தாலும் இவை இருந்தால் வகையைக் கேட்டே ஆக வேண்டும்: சில வாரத்திலேயே நாலைந்து கிலோ இறங்கியது, சிறுநீரில் கீட்டோன் தெரிந்தது, 35 வயதுக்குள் வந்தது, மாத்திரை தொடங்கிச் சில மாதத்திலேயே பலனிழந்தது, தைராய்டு போன்ற எதிர்ப்புச் சக்திக் கோளாறு தனக்கோ நெருங்கிய உறவிலோ இருப்பது. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறைக்கும் 25 வயதையொட்டி வந்திருந்தால் மோடியை நினைக்க வேண்டும். பிறந்து 6 மாதத்துக்குள் குழந்தைக்குச் சர்க்கரை வந்தால் மரபணுப் பரிசோதனை கட்டாயம். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்து, எடையும் கூடவே உருகினால் வயிற்று ஸ்கேன் எடுத்துக் கணையத்தைப் பார்க்க வேண்டும். காச நோயும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

மலையில் இன்னொன்றும் சேரும். குளிர்காலத்தில் வீசிங்குக்காகப் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதிகம். காலையில் அதை விழுங்கினால் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரை ஏறும். வெறும் வயிற்றில் பார்த்தால் சீராகவே தெரியும். சாயங்கால அளவைப் பார்த்தால்தான் பிடிபடும். கை வைத்தியம் என்று வாங்கும் பெயரில்லாப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். டாக்டரிடம் அதையும் மறைக்காமல் எடுத்துக்காட்ட வேண்டும்.

இரண்டு பரிசோதனைகள், அவற்றை எடுக்கும் விதம்

சந்தேகம் வந்தால் முதலில் பார்ப்பது காட் ஆன்டிபாடி. பீட்டா செல்களை உடல் தாக்குகிறதா என்பதற்கான தடயம் இது. இருந்தால், அறிகுறிகளும் ஒத்துப்போனால், டைப் 1 என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். இல்லையென்றால் டைப் 1 இல்லை என்று ஆகிவிடாது. ஐஏ-2, சிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 என்ற வேறு ஆன்டிபாடிகளும் உண்டு. எதுவுமே தெரியாத டைப் 1 நோயாளிகளும் உண்டு.

இரண்டாவது சி-பெப்டைட். கணையம் இன்சுலினைச் செய்யும்போது ஒரு பெரிய மூலக்கூறு வெட்டுப்பட்டு, ஒரு பங்கு இன்சுலினாகவும் ஒரு பங்கு சி-பெப்டைடாகவும் பிரியும். ஊசியில் வரும் இன்சுலினில் சி-பெப்டைட் கிடையாது. ஆகவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கும் சொந்தக் கணையம் எவ்வளவு சுரக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். சாப்பிட்டு 5 மணி நேரத்துக்குள், கூடவே சர்க்கரை அளவையும் சேர்த்து எடுப்பது நல்லது. மில்லிலிட்டருக்கு 0.6 நானோகிராமுக்குக் கீழே என்றால் இன்சுலின் ஏறக்குறைய வற்றிவிட்டது. 1.8-க்கு மேல் என்றால் டைப் 2-க்குத்தான் வாய்ப்பு அதிகம். நடுவில் வந்தால் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும்.

இந்த எண்கள் ஏமாற்றும் இடங்கள் உண்டு. சர்க்கரை 400, 500 என்று வாரக்கணக்கில் எகிறியிருந்தால் கணையம் திணறிப்போய்த் தற்காலிகமாகச் சுரப்பைக் குறைத்துவிடும். அவசர சிகிச்சையில் சேர்ந்த சமயத்தில் எடுத்த சி-பெப்டைடை நம்பக் கூடாது, குறைந்தது 2 வாரம் கழிய வேண்டும். வெறும் வயிற்றிலோ சர்க்கரை 70-க்குக் கீழ் இருக்கும்போதோ எடுத்தாலும் குறைவாகக் காட்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு அதிகமாகக் காட்டும். டைப் 1 தொடங்கிய முதல் 3 வருடத்துக்குள் நடுவாந்தர அளவு வருவதும் சகஜம்.

மலையில் ரத்தம் எடுத்துக் கோவைக்கு அனுப்பும்போது இன்னொரு கவனம் வேண்டும். குழாயில் இருக்கும் ரத்த அணுக்கள் தாங்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். சாதாரணக் குழாயில் அப்படியே விட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். காலையில் 126 இருந்தது, மலையிறங்கி 3 மணி நேரம் கழித்து 105 பக்கம் வந்து நிற்கும். நோய் இருப்பவர் இல்லாதவராகிவிடுவார். சர்க்கரைக்கு ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய் வேண்டும். அதிலும் முதல் ஓரிரு மணி நேரம் கொஞ்சம் குறையும் என்பதால், எடுத்த இடத்திலேயே பிளாஸ்மாவைப் பிரித்துவிடுவது உத்தமம். சி-பெப்டைடுக்கு ஊதா மூடியுள்ள ஈடிடிஏ குழாய் வசதியானது, அதில் ஒரு நாள் வரை கெடாமல் இருக்கும். “எந்தக் குழாயில எடுக்கிறீங்க, எத்தனை மணிக்கு கீழ போகும்?” என்று ஆய்வகத்தில் கேட்பதில் தவறே இல்லை.

எச்பிஏ1சி பொய் சொல்லும் இடம்

நீலகிரி வாசகர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள், இந்தியாவில் அரிவாள் வடிவ ரத்த அணு மரபு இருப்பதை முதன்முதலில் பதிவு செய்தது இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான். இன்றும் கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், குறும்பர், இருளர் போன்ற சமூகங்களில் அது காணப்படுகிறது.

எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அதனால்தான் அது மூன்று மாதக் கணக்கைக் காட்டுகிறது. அரிவாள் அணு நோய் உள்ளவரின் அணு சில வாரங்களில் உடைந்துவிடும். சர்க்கரை ஒட்டுவதற்கே நேரம் இருக்காது. ரத்தத்தில் 250 இருந்தாலும் எச்பிஏ1சி சீராக இருப்பதுபோல் தெரியும். நோயாக இல்லாமல் மரபை மட்டும் சுமப்பவருக்கு முடிவு சரியா தவறா என்பது ஆய்வகக் கருவியின் முறையைப் பொறுத்தது. இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் தலைகீழ், உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கும் நம்ப முடியாது.

இப்படிப்பட்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். தொடர்ந்து கண்காணிக்க விரல் குத்திப் பார்த்த குறிப்புகளும், தேவைப்பட்டால் ஃபுரக்டோசமைன் என்ற பரிசோதனையும் உதவும். வீட்டில் யாருக்காவது அரிவாள் அணு இருந்தால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே சொல்லிவிட வேண்டும்.

வகை மாறினால் மருந்து மாறும்

டைப் 2-க்கு முதல் மருந்து பெரும்பாலும் மெட்ஃபார்மின். 500 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டோடு எடுத்து, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றினால் வயிற்றுப்போக்கு அவ்வளவாக இருக்காது. இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டவருக்கு டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் நல்ல பலன் தரும். 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினுக்கு இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலை மிகவும் இறங்கியதால், இப்போது பரவலாக எழுதப்படுகிறது.

வகையைத் தவறவிட்டால் வரும் ஆபத்து இங்கேதான் மிகப் பெரிது. இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. இன்சுலினே இல்லாத டைப் 1 உடம்பில் இதைக் கொடுத்தால் கருவியில் 180, 200 என்று சுமாராகத் தெரியும், உள்ளே கீட்டோன் ஏறிக்கொண்டிருக்கும். சர்க்கரை அளவைப் பார்த்து “பரவாயில்லை” என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். ஆகவே மெலிந்தவர், வேகமாக எடை குறைந்தவர், கணையம் பழுதானவர் ஆகியோருக்கு வகை உறுதியாகும் வரை இந்த மாத்திரை வேண்டாம் என்பதே எங்கள் திடமான கருத்து.

கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு வகை மாத்திரை எடுப்பவர் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. காலையில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வெறும் டீயோடு சரிவில் இலை பறிக்கப் போனால், பத்து மணிக்குச் சர்க்கரை மிகவும் இறங்கிக் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

டைப் 1-இல் இன்சுலினின் அளவு தோராயமாக எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 முதல் 1 யூனிட் வரை. 50 கிலோ உள்ளவருக்கு 20 முதல் 50 யூனிட். அதில் ஏறக்குறைய பாதி நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின், மீதி சாப்பாட்டு வேளைக்கு. தொடங்கிய சில வாரத்தில் மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் சற்றே தலைதூக்கி, தேவை மளமளவென்று குறையும். பல குடும்பங்கள் “குழந்தைக்குச் சரியாகிவிட்டது” என்று ஊசியை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். அது சில மாதம் நிலைக்கும் இடைவேளை மட்டுமே. அளவைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது.

கர்ப்பிணிகளுக்கு வேறு அளவுகோல். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரத்தில் 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் செக்கப்பிலும், 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் பார்க்க வேண்டும். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மறுபடி. பிரசவமாகி 6 வாரத்தில் திரும்பவும் பார்ப்பது பலருக்கு விட்டுப்போகிறது.

குளிரும் ஊசியும்

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பதை உதகை வீட்டின் அறையிலேயே சுமார் 4 வாரம் வைக்கலாம், ஃபிரிட்ஜ் தேவையில்லை. மலையில் வெயிலைவிட உறைபனியே பகை. டிசம்பர், ஜனவரி இரவில் ஜன்னல் ஓரத்திலோ வண்டியிலோ விட்டு ஒருமுறை உறைந்துவிட்டால், பிறகு உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் அது செத்த மருந்து, தூக்கிப்போட வேண்டும். ஃபிரீசர் பெட்டியை ஒட்டியும் வைக்கக் கூடாது.

விரல் குத்தும் கருவிகள் பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. கருவியையும் ஸ்டிரிப்பையும் அறைக்குள் கதகதப்பில் வைத்திருந்து, கையை வெந்நீரில் கழுவித் துடைத்த பிறகு குத்தினால் ரத்தம் எளிதில் வரும். பேனா ஊசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும்போது காற்றுக் குமிழி சேரலாம். ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்த்துவிட்டுப் போடவும், போட்டதும் ஊசியைக் கழற்றிவிடவும்.

குப்பி வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் குப்பிகளில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 40 குப்பியை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால் போக வேண்டியதில் பாதிகூடப் போகாது. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும்.

டாக்டரிடம் போகும்போது

பழைய சீட்டுகள், முதன்முதலில் சர்க்கரை கண்ட தேதி, அப்போதைய எடை, இப்போதைய எடை, இதுவரை எடுத்த மாத்திரைகளின் அட்டை, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் வந்தது என்ற விவரம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியது இதுதான்: “டாக்டர், எனக்கு எந்த வகை சுகர்? எதை வச்சு அந்த வகைன்னு சொல்றீங்க?” மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்துகொண்டிருந்தாலும் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும். மாதாமாதம் அதே மாத்திரை வருவது வசதிதான், ஆனால் முதலில் எழுதிய வகை தவறாக இருந்தால் அந்தத் தவறும் மாதாமாதம் கூடவே வரும். வகை தெரியாமல், இன்சுலின் போடுபவர் தானாக நிறுத்திப் பார்க்கவே கூடாது.

வாந்தி, வயிற்று வலி, ஆழமாக மூச்சு வாங்குதல், வாயில் பழவாடை, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் சர்க்கரை எவ்வளவு என்பதோடு நிற்காமல் கீட்டோனையும் பார்க்க வேண்டும். சிறுநீர் ஸ்டிரிப்பில் இரண்டு பிளஸ், அல்லது ரத்தக் கீட்டோன் 1.5-க்கு மேல் என்றால் உடனே மருத்துவமனை. 3 என்றால் அவசரம். சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினை நிறுத்தக் கூடாது, எந்த அளவில் தொடர்வது என்று போனிலாவது டாக்டரைக் கேளுங்கள். கோவை போய்த்தான் பார்க்க வேண்டும் என்று மலைப்பாதையில் இரண்டு, மூன்று மணி நேரம் கழிப்பதைவிட, 108-ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சலைன் ஏற்றத் தொடங்கிவிட்டு, பிறகு தேவைப்பட்டால் கீழே இறங்குங்கள். வண்டியில் ஏறும்போது “இவருக்கு டைப் 1” என்றோ “வகை இன்னும் தெரியவில்லை” என்றோ முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.